தகரவேலியைக் கழற்றி நெட் கொண்டுவந்தவன்

கடல் தின்றுவிட்டுப் போன கடையை அதே அத்திவாரத்தின் மேல் திரும்பக் கட்டினேன். மூன்று மகள்மாருக்கும் மூன்று சீதன வீடு கட்டினேன். அதுவும் ஒரு மூட்டை சீமெந்து கொண்டுவந்தால் சோதனைச் சாவடியில் இறக்கி, கம்பியால் குத்திப் பார்த்து, பாதி கொட்டிய பிறகுதான் விடுவார்கள் என்ற காலத்தில். மாரி மழைக்குக் குளமாகிற எங்கள் ஒடுங்கிய தெருவுக்கு, எங்கள் ஒழுங்கைக்கு, வடிகான் வெட்டினேன். பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழூச் செய்கிற தொட்டி வெடித்தபோது, நிர்வாக சபை கூடிக் கூடிக் கலைந்துகொண்டிருக்க, நானே உள்ளே இறங்கிப் பூசினேன். கடைசியாக, பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பைத் தாண்டாத நான், பட்டதாரிகள் நிறைந்த எங்கள் ஒழுங்கைக்கு இன்டர்நெட்டைக் கொண்டுவந்தேன்.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்காகச் சொல்வதென்றால் இன்னும் நிறைய இருக்கிறது.

பெயர் விஷயத்தைச் சொல்லத்தான் எழுதுகிறேன். சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊரில் பெயர் எழுதப்படாத பொருள் கிடையாது. தண்ணீர்த் தாங்கியில் பெயர். தோணியில் பெயர். பிள்ளைகளின் புத்தகப் பையில் பெயர். கக்கூசுக் கதவை உள்ளே சாத்திக்கொண்டு உட்கார்ந்தால், கண்ணுக்கு நேரே ஒரு தூர நாட்டுச் சங்கத்தின் பெயர். ஒரே குழாய்க் கிணற்றுக்கு இரண்டு நிறுவனங்கள் வந்து, ஒன்று கைபிடியிலும் மற்றது அடித்தளத்திலும் பெயர் எழுதிவிட்டுப் போயின. தண்ணீர் மட்டும் உப்பாகவே வந்தது. நான் வெட்டிய வடிகானில்கூட, கடைசியில் இரண்டு கொங்கிறீட் மூடி போட்டுத் தந்தவர்களின் பெயர்தான் இருக்கிறது. அதையெல்லாம் நான் பேசாமல் விட்டேன். வெளியூர்க்காரர்கள், விமானம் ஏறி வந்தவர்கள், பெயரையாவது வைத்துக்கொள்ளட்டும் என்று.

இது அப்படி விடுகிற விஷயமல்ல. எங்கள் ஒழுங்கையின் அபிவிருத்திச் சங்கம் இப்போது ஒரு பலகை செய்திருக்கிறது. வீட்டுக்கு வீடு கம்பியில்லாமல் நெட்டைப் பங்கிட்ட முதல் ஒழுங்கை இது என்று பெரிய எழுத்தில் எழுதி, கீழே ‘இதனைச் சாத்தியமாக்கியவர்’ என்று ஒரே ஒரு பெயர். அது என் மூத்த மருமகனுடையது.

மருமகனைப் பற்றி ஒரு குறை சொல்லமாட்டேன். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து குடியிருப்பவர். மாமனார் அவரோடு ‘நீங்க’ போட்டுத்தான் கதைக்க வேண்டும். அவர் பள்ளிக்கூடத்தில் கம்பியூட்டர் படிப்பிக்கிறார், நல்ல மனிதர், என் மகளைக் கண் கலங்க விட்டதில்லை. அந்த மரியாதையையெல்லாம் வைத்துக்கொண்டே, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சண்டை முடிந்து, ஒழுங்கை முனையிலிருந்த மண்மூட்டைக் காவலரணை ஆமிக்காரர்கள் பிரித்துக்கொண்டு போன பிறகுதான் ரெலிபோன்காரர்கள் எங்கள் பக்கம் கம்பம் நட்டுக்கொண்டு வந்தார்கள். எங்கள் ஒழுங்கை பெருந்தெருவில் தொடங்கிக் கடலில் முடிவது. முதல் வீடு என்னுடையது. என் வீட்டு மதிலோடு கம்பம் நின்றுவிட்டது. அதற்கப்பால் கடல் பக்கம், கட்டலாமா கூடாதா என்று அரசாங்கம் இன்னும் யோசித்துக்கொண்டிருந்த வளவுகள். “அந்தப் பக்கம் கம்பம் போட எங்களுக்கு இன்னும் ஓடர் வரல்ல” என்று சொல்லிவிட்டு லொறியைத் திருப்பினார்கள். ஆக, ஒழுங்கையில் லைன் எடுக்கக்கூடிய வீடு என் வீடு ஒன்றுதான்.

“மாமா, நெட் ஒண்டு எடுப்பமா?” என்று மருமகன் கேட்டார். ஒப்புக்கொள்கிறேன், கேட்டது அவர்தான்.

“எடுத்தா நமக்கு மட்டுமா, மத்த ஆக்களும் பாவிக்கலாமா?” என்று கேட்டது நான்.

“அலை எட்டுற தூரத்தில இரிக்கிற எல்லாரும் பாவிக்கலாம். பாஸ்வேட்டக் குடுத்தாக் காணும்.”

“அப்ப எடுங்க மருமகன்” என்றேன். எங்கள் குசினியில் சமைத்த எதுவும் மதிலுக்கு இந்தப் பக்கத்தோடு நின்றதில்லை. நெட்டுக்கு மட்டும் தனிச் சட்டமா?

பெட்டி வந்தது. என் மனைவி அதை ஷோகேஸில் வைத்து, மேலே ஒரு ரேந்தைத் துணியைப் போட்டாள். பச்சை லைட் துணிக்குள்ளால் மினுங்குவது அழகாக இருந்ததாம். நான் துணியோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டுபோய் மேல்மாடியில் கடல் பக்க ஜன்னலில் வைத்தேன். அடுத்த முறை கடல் வந்தால் ஏறிக்கொள்வதற்கென்று நான் கட்டிய மேல்மாடி அது. கட்டும்போது சிரித்தவர்கள் ஒழுங்கையில் இருந்தார்கள். மருமகன் அந்த ஜன்னலில் ஒரு ஏரியலையும் பூட்டினார்.

பாஸ்வேட் பக்கத்து வீட்டுக்குப் போனது. எங்கள் பக்கத்தில் தட்டை வெறுந்தட்டாகத் திருப்பி அனுப்புகிற வழக்கம் இல்லை. தட்டே அனுப்பாத பாஸ்வேட்டுக்கும் அந்த வழக்கம் பொருந்தியது. அந்த வீட்டிலிருந்து வட்டிலப்பம் வந்தது. எதிர்வீட்டிலிருந்து கோழி ஆணம் வந்தது. மூன்றாவது வீட்டிலிருந்து மட்டும் தட்டும் வரவில்லை, நன்றியும் வரவில்லை. விசாரித்தால், நெட்டே போய்ச் சேரவில்லை.

மருமகன் லெப்டொப்பை நெஞ்சில் அணைத்துக்கொண்டு ஒழுங்கையில் மேலும் கீழும் நடந்தார். திரும்பி வந்து சொன்னார்: “தகரம் மாமா. வேலியெல்லாம் தகரம். அலை அதில பட்டுத் திரும்புது. ஒண்டும் செய்யேலா.”

ஒண்டும் செய்யேலா. இதுவும் அவர் சொன்னதுதான். சங்கத்தார் இதைக் கவனிக்க வேண்டும்.

அந்தத் தகரத்தின் வரலாறு எனக்குத்தான் தெரியும். சுனாமி முடிந்த கையோடு தற்காலிகக் கொட்டில்களுக்கென்று கப்பலில் வந்த தகரம். கல்வீடு கிடைத்ததும் சனங்கள் கொட்டிலைப் பிரித்துத் தகரத்தை என் ஹார்ட்வெயார் கடைக்குக் கொண்டுவந்தார்கள். பெண்பிள்ளைகள் இருக்கிற வீடு, மறைப்பு வேண்டும், மதில் கட்ட வசதியில்லை என்று அதே சனங்கள் வேலிக்கு என்னிடமே திரும்ப வாங்கினார்கள். ஆகவே எங்கள் ஒழுங்கையின் இரண்டு பக்கமும், தந்தவர்களின் பெயர் அச்சடித்த தகரம் வரிசையாக நின்றது. சிலதில் பெயர் தலைகீழாக இருந்தது.

ஜும்ஆத் தொழுகை முடிந்து ஆண்கள் ஒழுங்கை முனையில் நின்றபோது நான் விஷயத்தைச் சொன்னேன். தகரத்தைக் கழற்றுங்கள், கிடுகு கட்டுவோம், பின்னிய தென்னோலைக்குள்ளால் நெட் வரும்.

சங்கத்தின் செயலாளர், அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர், முதலில் சிரித்தார். “நேத்து தகரம் நல்லமெண்டு வித்தீங்க ஹாஜியார். இண்டைக்குத் தகரம் கூடாதெண்டுறீங்க. நாளைக்குக் கிடுகும் கூடாதெண்டா எங்க போற?”

“ஊரெல்லாம் மதில் கட்டுது. நம்மட ஒழுங்கை மட்டும் மூத்தாப்பாமார்ர காலத்துக்குப் போகுது” என்றார் இன்னொருவர்.

ஒரு வியாபாரி தன் சொந்தச் சரக்குக்கு எதிராகப் பேசுவது எவ்வளவு பெரிய தியாகம் என்று அங்கே ஒருவருக்கும் விளங்கவில்லை.

பெண்கள் வேறு கணக்குப் பார்த்தார்கள். ஒழுங்கையின் கடைசி வீட்டில் இருக்கிற தங்கச்சி, கூடப்பிறந்தவள் அல்ல, அழைக்கிற முறையில் அவள் தங்கச்சி, நான் காக்கா, அதாவது அண்ணன், வேலிக்கு உள்ளே நின்றுகொண்டு கேட்டாள்: “காக்கா, கிடுகுக்குள்ளால நெட்டும் வரும், ரோட்டால போறவன்ட கண்ணும் வருமே?”

“ரெண்டு வரி வெச்சு இறுக்கிக் கட்டித் தாறன். நெட்டு மட்டும்தான் வரும்.”

“வந்தா இவர் மூஞ்சியக் காட்டுவாரா?”

“காட்டுவார்.”

“அப்ப முதல்ல என்ட வேலியக் கழட்டுங்க” என்றாள்.

அவளுடைய புருஷன் சவூதியில் டிரைவர். கடல் வீட்டைக் கொண்டுபோன அடுத்த வருஷம் போனவர், வீட்டைத் திரும்பக் கட்டுவதற்கென்று போய், கட்டிய வீட்டை இன்னும் நேரில் பார்க்காதவர். ஒரே மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். முதலாளி லீவு தருவதாக இல்லை. மகளின் நிக்காஹை நெட்டிலாவது பார்க்கவேண்டும் என்பது ஒன்றுதான் அவர் கேட்டது.

நான் பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்புக்குப் போனேன், கிடுகு வாங்க. அங்கே கிடுகு பின்னி விற்கிற அம்மா என்னைப் பழைய நாளிலிருந்து அறிந்தவர். நடுவில் சில வருஷங்கள் அந்தப் பக்கத்து ஆட்கள் இந்தப் பக்கமும், இந்தப் பக்கத்து ஆட்கள் அந்தப் பக்கமும் யோசித்துத்தான் போனோம். “என்ன முதலாளி, தகரம் குடுத்த ஆக்களெல்லாம் பிளேன் ஏறின பிறகு கிடுகு தேடி வாறீங்க?” என்று கேட்டுவிட்டு, இருந்த கட்டு முழுவதையும் ஏற்றிவிட்டார். என்னத்துக்கென்று கேட்டார். சொன்னேன். “கிடுகுக்குள்ளால மழை வாறது தெரியும், இது புதுசாக் கிடக்கே” என்றார்.

ஒவ்வொரு வேலியாக நானே நின்று கழற்றினேன், நானே நின்று கட்டினேன். நெட் வீடு வீடாகக் கடலை நோக்கி இறங்கியது. கடைசி வீட்டை அது தொட்ட அன்று, தங்கச்சியின் புருஷன் போனில் தலைகீழாகத் தெரிந்தார்; போனைத் திருப்பியதும் நிமிர்ந்தார். தங்கச்சி போனைத் தூக்கிக்கொண்டுபோய் வீட்டை அறை அறையாகக் காட்டினாள். “குசினி ஜன்னல் சின்னன்” என்று அவர் குறை சொன்னார். கட்டியது நான்தான். அந்தக் குறையை நான் பெரிதாக எடுக்கவில்லை.

பிறகு வந்தது நெருக்கடி. ஒழுங்கை முழுவதும் ஒரே நேரத்தில் உறிஞ்சினால் எந்தப் பெட்டியும் என்ன செய்யும்? படம் நின்றது, பேச்சு விக்கியது, வட்டிலப்பமும் நின்றது. மருமகன் கொழும்பிலிருந்து ஏதோ சாமான் எடுப்பிக்க வேண்டும் என்றார். நான் நற்பிட்டிமுனைப் பக்கம் வயல் செய்கிறவன். தண்ணீர் குறைந்தால் சாமான் எடுப்பிப்பதில்லை, முறை வைப்போம். வாய்க்காலின் தலைப்பில் இருக்கிறவன் தண்ணீரை எப்படியும் எடுத்துக்கொள்வான் என்பதால், கடைக்கோடி வயலுக்குத்தான் முதல் முறை. அதையே இங்கே போட்டேன். பின்னேரம் அஸர் தொழுகை முதல் பொழுதுபட மஃரிப் வரை கடல் பக்க வீடுகள். மஃரிப் முதல் இரவு இஷா வரை நடு வீடுகள். அதன் பிறகு நாங்கள். முறை மீறுகிற வீட்டின் முன்னால் போய் நின்று சத்தம் போடுவேன். என் சத்தத்துக்கு அந்தக் காலத்தில் மரியாதை இருந்தது. வயலில் தண்ணீர் முறை பார்க்கிறவருக்கு வட்டவிதானை என்று பெயர். எனக்கு ‘நெட் வட்டவிதானை’ என்று பட்டம் வைத்தார்கள். கேலிக்கு வைத்ததுதான். ஆனாலும் ஒரு பெயர் வைத்தார்களா இல்லையா? பலகை எழுதும்போது அதுவும் மறந்துபோயிற்று.

நிக்காஹ் நாள் வந்தது. மாப்பிள்ளை மருதமுனைக்காரர். வாப்பாவுக்குப் பதிலாகக் கையைப் பிடித்து நிக்காஹ் செய்து கொடுக்க, அவருடைய தம்பியை வக்கீலாக நியமித்தாயிற்று; மார்க்கத்தில் ஒரு குறையும் இல்லை. வாப்பா பார்ப்பது மட்டும்தான் பாக்கி. முதல் நாள் மருமகன் லெப்டொப்பைப் பந்தலில் வைத்துச் சோதித்தார். படம் தண்ணீர் மாதிரி ஓடியது. மற்ற எல்லா வீடும் அன்று நெட்டைத் தொடக்கூடாது என்று நான் வீட்டுக்கு வீடு போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

மாப்பிள்ளையை உட்கார வைத்தார்கள். மௌலவி குத்பாவைத் தொடங்கினார். லெப்டொப்பில் வாப்பா, வெள்ளைச் சட்டை போட்டு, தலையில் தொப்பி வைத்து, பின்னால் ஒரு லொறியோடு தெரிந்தார். திடீரென்று வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்தார். பிறகு அதுவும் போய், ஒரு வட்டம் சுழன்றுகொண்டிருந்தது.

பெண்கள் பக்கத்திலிருந்து தங்கச்சியின் குரல் கேட்டது: “அல்லாஹ்வே, இவர் போயிட்டாரா?”

மருமகன் குனிந்து தட்டினார். வயரைக் கழற்றி மாட்டினார். “வீட்டுப் பெட்டியப் பாத்திட்டு வாறன்” என்று எழும்பப் பார்த்தார். மௌலவி, “லுஹர் தொழுகைக்கு முதல் முடிக்கணும், மாப்பிள்ளைட கை வேர்க்குது” என்றார்.

நான் பந்தலைச் சுற்றிப் பார்த்தேன். மேற்குப் பக்கம், என் வீடு இருக்கிற பக்கம், பெண்களுக்கு மறைப்பாகப் பந்தல்காரர்கள் அப்போதுதான் எதையோ வரிசையாக நிறுத்தி, மேலே பூச்சீலையும் சுற்றியிருந்தார்கள். சீலையைத் தூக்கிப் பார்த்தேன். தகரம்! அதுவும் நான் கழற்றி, பந்தல்காரனுக்குக் கொடுத்த அதே தகரம். தலைகீழான பெயரோடு.

எங்கள் ஊரில் தவிர வேறு எங்கே இது நடக்கும்? நெட்டுக்காகத் தகரத்தைக் கழற்றுவோம். கழற்றிய தகரத்தை வீணாக்காமல், நெட்டில் காட்டுகிற கல்யாணத்துக்கே பந்தலாக நிறுத்துவோம்.

நான் யாரிடமும் கேட்கவில்லை. முதல் தகரத்தை இழுத்தேன். உள்ளே பெண்கள் கூக்குரல் போட்டு முக்காட்டை இழுத்தார்கள். “ஹாஜியாருக்கு என்ன புடிச்சிட்டு?” என்று யாரோ கத்தினார்கள். “பாய் ஒண்டு தாங்க, பாய்!” என்றேன். உள்ளேயிருந்து பெரிய பன்பாய் ஒன்று வந்தது. ஒரு முனையை நான் பிடித்தேன். மறு முனைக்கு, அருகில் நின்ற மாப்பிள்ளையின் மாமாவைப் பிடித்து நிறுத்தினேன். மருதமுனையில் தறி வைத்திருக்கிற, வயிறு தள்ளிய மனிதர்.

“இது என்ன காக்கா, சோறு திங்க வந்த என்னப் பாய் புடிக்க வெச்சிட்டீங்க?”

“கையத் தூக்குங்க மச்சான். பொம்புளயள் இரிக்காங்க.”

“முதலே சொல்லியிருந்தா நம்மட தறியிலேயே ஒரு சீலை நெய்து கொண்டுவந்திருப்பனே.”

“அடுத்த கலியாணத்துக்குக் கொண்டுவாங்க. இப்ப தூக்குங்க.”

பெண்கள் பக்கம் பார்க்கக்கூடாது என்பதால் இருவரும் முதுகைக் காட்டிக்கொண்டு, கைகளைத் தலைக்கு மேலே தூக்கி நின்றோம். முதுகுக்குப் பின்னால் சவூதியிலிருந்து குரல் வந்தது: “இப்ப தெரியுது! இப்ப தெரியுது!” மௌலவி தொடர்ந்தார். மாப்பிள்ளை ‘கபில்து’, ஏற்றுக்கொண்டேன் என்று சொன்னார். அந்த மனிதர் அங்கே ஒரு லொறிக்கு முன்னால் நின்று சத்தம் போட்டு அழுதார். தங்கச்சி இங்கே அழுதாள். நான் ஒன்றையும் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் ஒரு வாழைமரம் மட்டும் நின்றது.

பிறகு அந்தக் குரல் சொன்னது: “தம்பி, நீங்க இல்லாட்டி என்ட மகள்ர நிக்காஹ நான் கண்டிருக்கமாட்டன். ஒங்களுக்கு என்ன செய்யப் போறன்?”

தம்பி என்றால் மருமகன். திரையில் அவருக்குத் தெரிந்த முகம் அதுதான். மருமகன் என்ன சொன்னார் தெரியுமா? “எல்லாம் அல்லாஹ்ட ஏற்பாடு.”

அதை மறுக்க நான் யார்? ஆனால் அந்த ஏற்பாட்டில் பாய் பிடிக்க யாரை வைத்தான் என்று ஒரு வார்த்தை கூடச் சொல்லியிருக்கலாம்.

பலகை விஷயம் பேசச் சங்கம் கூடியபோது நான் போனேன். செயலாளர் நிக்காஹ் வீடியோவையே அத்தாட்சியாகப் போட்டார். மருமகன் இருக்கிறார், மௌலவி இருக்கிறார், வாழைக்குலை இருக்கிறது. வலது ஓரத்தில் மேலே ஒரு முழங்கை தெரிகிறது. “அது நான்” என்றேன்.

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். “ஹாஜியார், முழங்கைக்கெல்லாம் பேர் போடேலாதே. அதோட, அது மருதமுனைக்காரர்ர கையாகவும் இரிக்கலாம்.”

“அவர்ர கை இதவிடத் தடிப்பு” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். தீர்மானம் நிறைவேறியது. மருமகன் பாவம், தலையைக் குனிந்துகொண்டிருந்தார், ஆனால் மறுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். “பேர் போடாட்டி நெட் வராதா?” என்று கேட்டாள். வரும். தண்ணீர்த் தாங்கியில் பெயர் போடாவிட்டாலும்தான் தண்ணீர் வரும். அதற்காக யாராவது போடாமல் விட்டார்களா?

சங்கத்தாரிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மருமகனின் பெயரை அழிக்கச் சொல்லவில்லை. அவர் என் பேரப்பிள்ளைகளின் வாப்பா, அவருடைய பெயர் மேலேயே இருக்கட்டும். அதன் கீழே இன்னொரு வரிக்கு இடம் இருக்கிறது, நான் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். தகரத்தைக் கழற்றியவர், கிடுகு கட்டியவர், முறை வைத்தவர், பாயைப் பிடித்தவர் என்று எழுதி, என் பெயரைப் போட வேண்டும். இடம் நெருக்கமென்றால் ‘பாயைப் பிடித்தவர்’ என்பதை மட்டுமாவது விடக்கூடாது. கடைசி வீட்டுத் தங்கச்சி சாட்சி சொல்வாள், பாய் அவளுடையதுதான்.

இன்னொன்று. அந்தப் பலகையை ஒழுங்கை முனையில், முதல் மதிலில் அடிப்பதாகத் தீர்மானம் எழுதியிருக்கிறார்கள். அது என் மதில். ஆணியோடும் சுத்தியலோடும் வருகிறவர்கள் அந்த வரியையும் எழுதிக்கொண்டு வந்தால் ஏணியை நானே பிடிக்கிறேன். எழுதாமல் வந்தால் கதவடியிலிருந்தே திரும்பலாம். என் பெயர் என்னவென்று இதில் நான் எங்கேயும் எழுதவில்லை. அதை எழுத வேண்டிய இடம் அந்தப் பலகை.